கிள்ளை விடுதியும் மூன்றில் ஒரு பங்கும்

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தாலும் ஆபீஸ் விடமாட்டேன் என்கிறது. போன வாரம் ஒரு போன். இப்போது என் நாற்காலியில் இருக்கிற பெண்தான்.

"மேடம், திருத்திய மதிப்பீடு போடறோம். தேவைக்கு மேல கூட்டிப் போட்டா கம்ப்யூட்டர் செவப்பு காட்டுது. காரணம் எழுதுங்குது. நீங்கல்லாம் எப்படி மேடம் கூட்டிப் போட்டீங்க?"

எப்படிக் கூட்டினோமா? கூச்சமே இல்லாமல் கூட்டினோம். கம்ப்யூட்டருக்கு இருக்கிற வெட்கம் எங்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அவளிடம் அப்படிச் சொல்ல முடியுமா? "பழைய ஃபைலைப் பாரும்மா" என்று வைத்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்க ஒரே ஒரு ஃபைல்தான் என் நினைவில் வந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

எந்தத் துறை என்று கேட்காதீர்கள். பென்ஷன் வாங்குகிறவள் நான். மாணவ மாணவியர் விடுதி நடத்துகிற துறை என்பதோடு விடுங்கள். மஞ்சக்குப்பத்தில் மாவட்ட அலுவலகம். டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன், கணக்குத் தேர்வை மூன்றாவது தடவையில் பாஸ் பண்ணினேன், உதவியாளர் ஆனேன், நடுவில் இரண்டு பிள்ளை பெற்றேன். இருபது வருஷம் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. 2004இல் என்னைப் பட்ஜெட் சீட்டில் தூக்கிப் போட்டார்கள். யாரும் விரும்பி வாங்காத சீட்டு. தலைவலி ஜாஸ்தி, நன்றி சொல்ல ஒருத்தர் கிடையாது.

வேலை இதுதான். சட்டமன்றம் வருஷத் தொடக்கத்தில் ஒவ்வொரு வகைச் செலவுக்கும் ஒரு வரம்பு போட்டுக் கொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்குத் தலைப்பு. தனித்தனி உண்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு உண்டியலில் இருப்பதை எடுத்து டீசலுக்குப் போட முடியாது. வருஷத்தின் நடுவில் எது காலியாகும், எது மிஞ்சும் என்று நாங்கள் எழுதுவோம். சென்னையில் இருக்கும் எங்கள் தலைமை அலுவலகம் எல்லா மாவட்டத்தையும் திரட்டி நிதித்துறைக்கு அனுப்பும். கடைசியில் சட்டமன்றத்தில் துணை மானியக் கோரிக்கை என்று வைத்து, 'ஆம்' என்போர் 'ஆம்' என்க என்று வரம்பைக் கூட்டுவார்கள். அது கூடாமல் கருவூலத்தில் பில்லை நீட்டினால், மந்திரியே வந்து நின்றாலும் ஒரு பைசா பெயராது.

இதில் ஊரறிந்த ரகசியம் ஒன்று இருந்தது. நாங்கள் எவ்வளவு கேட்டாலும் தலைமை அலுவலகம் மூன்றில் ஒரு பங்கை வெட்டும். அங்கே பட்ஜெட் பிரிவில் ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். மாவட்டங்களில் அவருக்குக் கத்தரி என்று பெயர். படித்துப் பார்த்து வெட்டுகிற பழக்கமெல்லாம் அவரிடம் இல்லை. சிவப்புப் பென்சிலை எடுப்பார், மூன்றால் வகுப்பார், கழிப்பார், டீ குடிப்பார். அதனால் நாங்கள் நூறு வேண்டுமென்றால் நூற்றைம்பது கேட்போம். மூன்றில் ஒன்று போய் நூறு வந்து சேரும். நாங்கள் புளுகுகிறோம் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எங்களுக்கும் தெரியும். இரண்டு பக்கமும் மரியாதையாக நடந்து வந்த ஏற்பாடு அது.

ஒரே ஒரு தடவை பிசகியது. 2005இல் கத்தரி மகள் கல்யாணத்துக்கு லீவில் போய்விட்டார். பதிலுக்கு உட்கார்ந்த புண்ணியவான் எதையும் வெட்டாமல் கேட்டதை அப்படியே அனுமதித்துவிட்டார். விடுதிகளுக்குத் துடைப்பம் வாங்க நான் தாராளமாகக் கூட்டிப் போட்டிருந்தேன். மார்ச் முடிவதற்குள் செலவழிக்க வேண்டும், இல்லையேல் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் அடுத்த வருஷம், "போன தடவையே மிச்சம் வெச்சீங்களே" என்பார்கள். வாங்கித் தொலைத்தோம். ரெக்கார்டு ரூமில் தரையிலிருந்து மேல்கூரை வரை தென்னந்துடைப்பம். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் கதவைத் திறந்ததும் ஒரு கட்டு அவர் தோளில் சாய்ந்தது. "இது என்னம்மா?" என்றார். "தூய்மைப் பணி சார்" என்றேன். 2010 வரைக்கும் எங்கள் ஆபீஸில் யாரும் சொந்தக் காசில் துடைப்பம் வாங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் 2008 ஜூனில் தனகோடி சார் மாவட்ட அலுவலராக வந்தார்.

காடாம்புலியூர்க்காரர். முந்திரித் தோப்புக் குடும்பம். மேஜையின் வலப்பக்க இழுப்பறையைத் திறந்தால் ஃபைல் இருக்காது, ஒரு டப்பாவில் வறுத்த முந்திரி இருக்கும். குரல் ஏறாது, திட்ட மாட்டார், ஃபைலைத் தூக்கி எறிய மாட்டார். நீங்கள் கொண்டுபோன பட்டியலில் ஏதாவது ஓர் எண்ணின் மேல் ஆள்காட்டி விரலை வைப்பார்.

"இது யாரு?"

முதல் நாள் எனக்குப் புரியவே இல்லை. "சார், இது பல்பு சார். நாப்பது பல்பு."

"எந்த பல்பும்மா? எங்க எரியுது? அதுக்குக் கீழ யாரு உக்காந்து படிக்கிறாங்க?"

எனக்கு எப்படித் தெரியும்? போன வருஷம் முப்பது போட்டிருந்தது, இந்த வருஷம் நாற்பது போட்டேன், அவ்வளவுதான். சரியான பதில் சொன்னால் டப்பாவிலிருந்து ஒரு முந்திரியை எடுத்துக் காகிதத்தின் மேல் நம் பக்கம் தள்ளுவார். நாற்பத்தேழு வயசில், கல்லூரி போகிற பிள்ளையை வைத்துக்கொண்டு, ஒற்றை முந்திரிக்காக நான் விடுதி விடுதியாகப் போன் போட்டேன். முதல் முந்திரி கிடைக்கப் பதினொரு நாள் ஆனது. மானம் போனாலும் முந்திரி நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் வந்தது. அந்த வருஷம் விடுதிப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுப் படியை நடுவில் உயர்த்தியிருந்தார்கள். படி உயர்ந்தால் வரம்பையும் உயர்த்திக் கேட்க வேண்டும். வழக்கம்போலப் பாதியைக் கூட்டி எழுதிக்கொண்டு போனேன். விரல் நேராகக் கிள்ளை பெண்கள் விடுதிக்குப் போயிற்று.

"இது யாரு?"

"கிள்ளை விடுதி, சாப்பாடு சார்."

"அங்க எத்தன புள்ளைங்க?"

"நாப்பத்தாறு சார்."

"நீ கேட்டிருக்கறதுல அறுபத்தொம்போது பேரு சாப்பிடறாங்களே. மீதி இருபத்து மூணு பேரு யாரும்மா?"

"அவுங்க சென்னைல வெட்டுப்படறதுக்குன்னே பொறந்தவங்க சார்" என்றேன்.

பக்கத்தில் நின்ற ஜூனியர் அசிஸ்டென்ட் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். சார் சிரிக்கவில்லை. ஒரு முந்திரியை எடுத்து அவரே தின்றார்.

"ஸ்டெல்லாம்மா, சரியாக் கேளு. கேக்கறது உண்மையா இருந்தா ஏன் வெட்டப் போறாங்க?"

அடப்பாவி மனுஷா, எந்த உலகத்திலிருந்து வருகிறாய் என்று உள்ளுக்குள் கத்தினேன். வெளியே "சரிங்க சார்" என்றேன். நாற்பத்தாறு பேருக்கு உண்டானதை மட்டும் எழுதி அனுப்பினோம்.

டிசம்பரில் பதில் வந்தது. கச்சிதமாக மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. மாநிலம் முழுக்கப் புளுகின மாவட்டங்களுக்கெல்லாம் வேண்டியது கிடைத்தது. உண்மை பேசின ஒரே மாவட்டம் பட்டினியில் நின்றது.

மற்ற விடுதிகளைச் சமாளித்துவிடலாம். சிதம்பரத்தில் மிஞ்சுவதைப் பண்ருட்டிக்குத் திருப்பலாம். ஒரே உண்டியல். கிள்ளை மட்டும் அப்படி இல்லை. 2004இல் கடல் உள்ளே வந்து போன பிறகு தனித் திட்டத்தில் திறந்த விடுதி அது, அதற்குத் தனிக் கணக்குத் தலைப்பு. அதில் இருப்பது பிப்ரவரி நடுவில் தீர்ந்துவிடும். வேறு எதையும் எடுத்து அதில் போட எங்களுக்கு அதிகாரம் கிடையாது.

விடுதிக் காப்பாளர் காந்திமதி நேரிலேயே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னால்கூட உட்காரவில்லை.

"மேடம், பதினாலு புள்ளைங்க பத்தாவது. மார்ச்சு கடைசில பரீட்ச. பிப்ரவரில வீட்டுக்கு அனுப்பிச்சா முடிஞ்சுது மேடம். எல்லாம் உப்பனாத்துக்கு அந்தாண்ட இருந்து படகுல வர்ற புள்ளைங்க. இறால் கம்பெனிக்காரன் படகுத்துறைக்கே வேன் அனுப்பறான். உரிச்சா தெனம் காசு. ஏற்கெனவே மூணு பேரு போயிட்டாளுங்க."

"எந்த மூணு பேரு?"

"அஞ்சலாட்சி, இன்னும் ரெண்டு பேரு. மூணும் பத்தாவதுதான். பேர அடிச்சிடவா மேடம்?"

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. "அடிக்காத. இருக்கட்டும்" என்றேன். ஐயோ பாவம் என்று சொன்னதாக நினைக்காதீர்கள். நாற்பத்து மூன்று பேர் சாப்பிட, கணக்கில் நாற்பத்தாறு இருந்தால் மூன்று பேர் அளவுக்குக் கொஞ்சம் மூச்சு விடலாமே என்றுதான். வெட்டு வருகிற இடத்தில் மூன்று தலை அதிகம் வைப்பது எனக்குக் கை தானாகச் செய்கிற காரியம்.

சாரிடம் போனேன். "உண்மையச் சொன்னோம் சார். வெட்டிட்டாங்க சார்" என்றேன். சொல்லும்போது ஒரு குரூர சந்தோஷம் இருந்தது, மறைக்க மாட்டேன்.

கடிதத்தை மூன்று தடவை படித்தார். இழுப்பறையைத் திறக்கவே இல்லை. "தப்பு என் மேலம்மா" என்றார். எனக்கு அந்த சந்தோஷம் அங்கேயே செத்துப்போயிற்று. இருபத்தைந்து வருஷத்தில் எந்த அதிகாரி வாயிலிருந்தும் நான் கேட்காத வார்த்தை அது.

"கடைசித் துணை மானியப் பட்டியல் எப்ப மூடறாங்க?"

"பொங்கலுக்கு முன்னாடி சார்."

"அப்ப நேர்ல போவோம். அந்த விடுதிப் புள்ளைங்க பேரு, வகுப்பு எல்லாத்தையும் டைப் பண்ணி எடுத்துக்க."

"சார், இப்பவாச்சும் கூட்டிப் போடலாம் சார். அறுபத்தொம்போதுன்னே போடுவோம். புள்ளைங்க சோறு சார்."

"வேணாம்மா. பேரோட எழுது."

நாற்பத்தாறு பெயரையும் டைப் செய்தேன். விடுதியில் இல்லாத மூன்றையும் சேர்த்துத்தான். சார் பட்டியலைப் பார்த்தார், எதன் மேலும் விரல் வைக்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டுப் பதினொரு மணிக்குத் தலைமை அலுவலகத்தில் இருந்தோம். கத்தரியை அன்றுதான் முதலில் பார்த்தேன். கொம்பெல்லாம் இல்லை. நெற்றி நிறைய விபூதி, மேஜையில் வீட்டு மோர் பாட்டில். சாதாரண மனுஷன்.

"தனகோடி சார், நீங்க வந்ததுக்காக மாத்த முடியாது. முப்பது மாவட்டத்துக்காரங்களும் வந்து அழுவாங்க. எல்லாருக்கும் மூணுல ஒண்ணு."

"வெட்டுங்க சார். வெட்ட வேணாம்னு நான் சொல்லல" என்றார் சார். பட்டியலை அவர் முன்னால் விரித்தார். "நீங்க தொகையா வெட்டிட்டீங்க. யாரு யாருன்னு எனக்குத் தெரியல. நாப்பத்தாறுல மூணுல ஒண்ணுன்னா பதினஞ்சே சொச்சம் வருது. சொச்சத்த விட்டுடுவோம். பதினஞ்சு பேருக்கு நீங்களே டிக் போட்டுக் குடுத்துடுங்க. அவுங்களுக்கு மட்டும் நான் சோறு போடல."

கத்தரி சிரித்தார். சார் சிரிக்கவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து மரியாதையாக அவர் கையருகே வைத்தார்.

நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். கத்தரி பென்சிலை எடுத்தார். முதல் பெயருக்குப் போனார், விட்டார். நடுவில் இறங்கினார். ஒரு பெயரில் பென்சில் முனை நின்றது.

"இது யாரு?" என்று அவரே கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். அஞ்சலாட்சி. நாற்பத்தாறில் விடுதியில் இல்லாத மூன்றில் ஒன்றைக் குறிபார்த்துக் குத்துகிறாரே இந்த மனுஷன்! இப்போது போன் போட்டு விசாரித்தால் நானும் காந்திமதியும் காலி.

சார் நிதானமாகச் சொன்னார். "அது பத்தாவது படிக்குது சார். அப்பா இல்ல. அம்மா தலைச்சுமையா மீன் விக்கிறாங்க. கணக்கு நல்லா வரும்."

பென்சில் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மேஜையில் விழுந்தது.

"என்ன சார் வம்பு இது" என்றார் கத்தரி. மோரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "சரி, புள்ளைங்கள விடறேன். ஆனா உங்க மாவட்டத்துல எதையாச்சும் வெட்டித்தான் ஆவணும். வெட்டே இல்லாம மேல அனுப்புனா என்னையில்ல சந்தேகப்படுவாங்க?"

"என் ஜீப்பு டீசல வெட்டிக்கங்க" என்றார் சார்.

வெட்டினார். முக்கால்வாசி வெட்டினார், முகத்தில் நிம்மதியோடு.

திரும்பும்போது பாண்டிச்சேரி வரை நான் பேசிக்கொண்டே வந்தேன். கத்தரி முகம் போன போக்கு, மோர் பாட்டில், எல்லாம். கன்னியக்கோயில் தாண்டும்போது சார் சொன்னார்:

"அந்த மூணு பேரு விடுதில இல்லன்னு எனக்குத் தெரியும்மா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு எனக்கும் கோபம் வந்தது. "தெரிஞ்சேவா சார் சொன்னீங்க? எனக்கு மட்டும் உண்மைய எழுது, உண்மைய எழுதுன்னு பாடம்! நீங்க மட்டும் மூணு தலைய ஜாஸ்தியா வெக்கலாமா?"

"ஜாஸ்தியா வெக்கலம்மா. நீ ஜாஸ்தின்னு வெச்ச. நான் டிசம்பர்ல கிள்ளைக்குப் போயிருந்தேன், அதுங்க வீட்டுக்கும் போனேன். அதுங்க பேர யாரும் அடிக்கல. வந்தா என்ன பண்றது? சோறு வேணும்ல?"

கடலூர் வரும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் கேட்டிருந்தால் அதிசயப்பட்டிருப்பார்.

துணை மானியக் கோரிக்கை சட்டமன்றத்தில் நிறைவேறியது. டிவி செய்தியில் அரை நிமிஷம்கூட வரவில்லை. அச்சிட்ட புத்தகம் ஆபீஸுக்கு வந்தபோது தேடிக் கண்டுபிடித்தேன். ஒரே ஒரு வரி, ஆயிரங்களில் ஓர் எண். சாரிடம் காட்டினேன். விரலை வைத்தார். அவர் கேட்பதற்கு முன்னால், "நாப்பத்தாறு பேரு சார்" என்றேன். இரண்டு முந்திரி வந்தது.

அதற்குப் பிறகு டீசல் இல்லாத மாவட்ட அலுவலர் பஸ்ஸில் ஆய்வுக்குப் போனார். சிதம்பரத்தில் இறங்கிக் கிள்ளைக்கு டவுன் பஸ் பிடிப்பார். ஒருநாள் விடுதிக்குப் போகாமல் நேராக இறால் ஷெட்டுக்கே போய் நின்றாராம். காந்திமதிதான் சொன்னாள், சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"ஈரக் கையோட நின்னுக்கிட்டிருந்தா மேடம் அஞ்சலாட்சி. சாரு போயி, 'உம் பேர்ல சட்டசபைல பணம் பாஸ் பண்ணிட்டாங்க பாப்பா. நீ சாப்பிட வரலன்னா மார்ச்சுல நான் அரசாங்கத்துக்குக் கடுதாசி எழுதணும். இன்னாருதான் வரலைன்னு பேரு போட்டு எழுதணும்'னாரு. வீட்டுக்கு வந்து இவ சட்டசபைன்னதும் அவ அம்மா அரண்டுடுச்சு. மறாநாளே பொட்டியத் தூக்கிட்டு வந்து வுட்டுட்டுப் போயிடுச்சு மேடம்!"

பிப்ரவரியில் அஞ்சலாட்சி விடுதியில் சாப்பிட்டாள். மார்ச்சில் பரீட்சை எழுதினாள். நான் புளுகுக்காக வைத்த மூன்று தலையில் ஒன்று தட்டை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும்.

மற்ற இருவர் வரவில்லை. சார் இரண்டு தடவை போனார். ஒரு பெண்ணைத் தூத்துக்குடிப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். இன்னொரு வீட்டில் கதவையே திறக்கவில்லை.

மார்ச் கடைசியில் மிச்சத்தை ஒப்படைக்கும் படிவம் என் மேஜைக்கு வந்தது. கிள்ளை விடுதி, சாப்பாடு, இரண்டு பேர் அளவுக்கு மிச்சம். சின்னத் தொகை. கடைசிக் கட்டத்தில் 'காரணம்' என்று ஒரு பத்தி இருக்கும். அதில் எழுதுவதற்கு ஒரே வாக்கியம்தான் உண்டு: தேவை எழவில்லை. ஐந்து வருஷமாக நூறு தடவை எழுதியிருக்கிறேன். துடைப்பத்துக்கும் எழுதலாம், பல்புக்கும் எழுதலாம். அன்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். பிறகு இரண்டு பெண்களின் பெயரையும் எழுதி, 'இறால் உரிக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள்' என்று எழுதினேன். சார் படித்தார். விரல் வைக்கவில்லை, முந்திரி தள்ளவில்லை. கையெழுத்துப் போட்டார்.

பதினைந்து நாளில் படிவம் திரும்பி வந்தது. காரணப் பத்தியில் கத்தரியின் சிவப்புப் பென்சில் கோடு. 'தேவை எழவில்லை எனத் திருத்தி மறுபடி அனுப்பவும்.'

மேலிடத்திலிருந்து எதைத் திருத்தச் சொன்னாலும் அன்றைக்கே திருத்தி அனுப்புகிறவள் என்று எனக்குப் பெயர். நான் 2019இல் ஓய்வு பெறும் வரைக்கும் அந்தப் படிவத்துக்கு ஐந்து நினைவூட்டுக் கடிதம் வந்தது. ஐந்தையும் ஃபைலில் வைத்துக் கட்டினேன். திருத்தவில்லை.